ஆயரின் தோட்டத்து எறும்புகள்

ஆயர் பெலெனாட்டோவின் சிலைக்கு ஷூ போட்டுவிட்டது யார் என்ற சண்டை எங்கள் ஃபங்கலுவா ஊரில் இன்றுவரை தீரவில்லை. எங்கள் பசிபிக் தீவிலிருந்து ஆயரான முதல் மனிதர் அவர். உயிரோடு இருந்தவரை வெறுங்காலோடு நடந்தார். ரோமுக்குப் போய் வந்த பிறகும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் ஆட்களோடு வலை இழுத்தார். சிலை செய்தவன் வெளிநாட்டுக்காரன். அவனுக்கு அனுப்பிய புகைப்படத்தில் கால் தெரியவில்லை, அவனாகவே கயிறு கட்டிய ஷூவைச் செதுக்கிவிட்டான். இதற்கு அக்கெனேசே பெரியம்மா சொன்ன விளக்கம்தான் ஊரில் அதிகம் பேர் சொல்வது: "மேல போற வழி பூரா முள்ளாச்சே. மோட்சத்துக் கேட்டுல நிக்கிறவர் மனசு கேக்காம ஒரு ஜோடி குடுத்திருப்பார்."

அந்த ஷூக்களைத் தினமும் துடைத்தவள் பெரியம்மாதான். சிலையைச் சுற்றியிருக்கும் நினைவுத் தோட்டம் அவள் பொறுப்பில் இருந்தது. செம்பருத்தி, கள்ளிமந்தாரை, ஓரமாக அடுக்கிய வெள்ளைப் பவளக் கற்கள், நடுவில் புல். அந்த வேலையை அவளே கேட்டு வாங்கினாள். சம்பளம் கிடையாது. கோயில் கமிட்டிக்காரர்கள், பாவம், மகனைப் பறிகொடுத்தவள், ஆயர் காலடியில் ஆறுதல் தேடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அங்கே தேடியது ஆறுதல் அல்ல.

பெரியம்மா எனக்கு ரத்த உறவில்லை, ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். பக்கத்துத் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணக் கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்து, மாப்பிள்ளை அலெக்கியின் வெள்ளைச் சட்டையைக் கெடுத்தாள் என்பது அவர்கள் குடும்பத்தில் பழைய வேடிக்கை. பாடகர் குழுவில் அவளுக்குக் கீழ்க்குரல். ஆண்களைவிடக் கனமாக இறங்கும். பிங்கோ விளையாடும்போது எண் விழாமலே எழுந்து கத்துவாள், மாட்டிக்கொண்டால், "கர்த்தர் என் காதுல சொன்னாரு, நீங்கதான் லேட்டு" என்பாள். அலெக்கி சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, பிறகு உயிரையும் விட்டார். ஒரே மகன் ஃபலனிக்கோ. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எதற்கும் சிரிப்பான்.

அவன் போனபோது நான் ஊரில் இல்லை. ஆஸ்திரேலியாவில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பயணிகள் கப்பலில் மெத்தை விரித்தேன். அதற்குப் பிறகு எங்கெங்கோ. திரும்பி வந்து பார்த்தால் சிலை நின்றது, தோட்டம் இருந்தது, அவன் இல்லை. வீட்டில் உட்கார முடியாமல் நான் தெருவில் அலைவதைப் பார்த்து, பெரியம்மாதான் கையில் களைக்கொத்தைத் திணித்தாள். "எப்படியும் திரும்ப ஓடிடுவேடி. அதுவரைக்கும் இந்தப் புல்லைப் பிடுங்கு." புல்லைப் பிடுங்கியபடியே இந்தக் கதையை அவளிடம் துண்டு துண்டாகக் கேட்டேன்.

சிலைத் திறப்புக்கு ஊர் முழுக்க விருந்து ஏற்பாடாகியிருந்தது. பன்றிகள் தயார், சேம்பு தயார், சூரை மீன் மட்டும் போதவில்லை. எங்கள் உபதேசியார் பெத்தெலோ, அலெக்கியின் தம்பி. அவர்தான் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்று, வெளியூரிலிருந்து ஆயர்கள் வருகிறார்கள், பந்தியில் மீன் இல்லாவிட்டால் ஊருக்கு அவமானம் என்றார். ஃபலனிக்கோ வானத்தைப் பார்த்தான். காற்று சரியில்லை, நாளைக்குப் போகிறேன் என்றான். பெரியம்மா அவனை விடவில்லை. "சித்தப்பா வாசலுக்கு வந்து கேட்டிருக்கார். மானத்தை வாங்காதேடா, போயிட்டு வா." அவன் சிரித்துக்கொண்டே ஐஸ் பெட்டியைத் தூக்கினான். சிலைக்குக் கீழே இருந்த பழைய படகுத்துறையிலிருந்து கிளம்பினான். சிலையைத் துணியால் மூடியிருந்தார்கள். அதைப் பார்த்து, "ஆயரே, உங்களுக்கு வாலா தலையா?" என்று கேட்டுவிட்டுப் போனானாம்.

ஐஸ் பெட்டியின் மூடி மட்டும் கிடைத்தது. சிலையைத் திறந்த அன்று பாதி ஊர் சிலைக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. தேடும் விமானம் வந்தது, சுற்றியது, போய்விட்டது. உடல் இல்லாமலே பங்குத்தந்தை இரங்கல் திருப்பலி வைத்தார்.

எங்களுக்கு அது போதாது. எங்களில் செத்தவன் வீட்டு முற்றத்தில் படுக்க வேண்டும். சாப்பிடும்போதும் சண்டை போடும்போதும் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். கடலில் போனவனுக்கும் பழைய காலத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவன் கால் கடைசியாகத் தரையில் பட்ட இடத்தில் மரப்பட்டைத் துணியை விரித்து, சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் துணிமேல் எது ஏறுகிறதோ, எறும்போ வெட்டுக்கிளியோ எதுவானாலும், அதுதான் அவன். அதைத் துணியோடு மடித்துக் கொண்டுவந்து முற்றத்தில் புதைப்பார்கள். ஒன்றும் வராவிட்டால், கூப்பிட்டவர்மேல் அவனுக்குக் கோபம் என்று பொருள். அப்போது அவர் எழுந்துகொண்டு, வேறு ஒருவர் உட்கார்ந்து கூப்பிட வேண்டும்.

இந்த வழக்கத்தை ஊரைவிட்டு ஒழித்தவர் ஆயர் பெலெனாட்டோ. ஆன்மா ஆண்டவரிடம் போகிறது, எறும்புக்குள் போவதில்லை என்று அவர் பிரசங்கம் வைத்த பிறகு யாரும் துணி விரிக்கவில்லை. பெரியம்மா விரித்தாள். தாய்வழி உறவில் இரண்டு கிழவிகளை அழைத்துக்கொண்டு, விமானம் போன மறுநாள், படகுத்துறையில் உட்கார்ந்தாள். மகனைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்பு எறும்பு துணிமேல் ஏறியது.

அவள் அதைத் தட்டிவிட்டாள்.

வேண்டுமென்று இல்லை. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தரையெல்லாம் பாய். ஒருவர் உட்காருவதற்கு முன்னால் பாயைக் கையால் தட்டிவிடுவது எங்கள் பெண்களுக்கு நடக்கப் பழகும்போதே வந்துவிடும் பழக்கம். அவள் கண் கடலில் இருந்தது, கை தன் வேலையைச் செய்துவிட்டது. கிழவிகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இருட்டும்வரை கூப்பிட்டாள். கிழவிகளும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. தகப்பன் ரத்தம் யாராவது கூப்பிட்டால்தான் இனி வருவான் என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

"வாசல் வரைக்கும் வந்தவனை நானே தட்டி விரட்டிட்டேன்டி," என்று பெரியம்மா என்னிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

தகப்பன் ரத்தம் என்றால் ஊரில் மிச்சம் இருந்தவர் பெத்தெலோ ஒருவர்தான். ஞாயிறுதோறும் பிரசங்க மேடையில் நின்று மூடப்பழக்கம் வேண்டாம் என்று சொல்கிறவர். பெரியம்மா அவரிடம் கேட்டாள். கெஞ்சினாள். அவர் வீட்டு வாசலில் தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு, எங்கள் ஊரில் கொலைக் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பவர்கள் உட்காருவதுபோல விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி அழுதுகொண்டு வந்து பாயை எடுத்துவிட்டாள். அவர் வெளியே வரவில்லை. தன்னால் முடியாது என்று ஆளிடம் சொல்லியனுப்பினார்.

அதற்குள் படகுத்துறையும் போய்விட்டது. ஃபலனிக்கோவுக்குப் பிறகு யாருக்கும் அங்கிருந்து படகு இறக்க மனம் வரவில்லை. கமிட்டி அதைக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, தோட்டத்தைக் கடல்வரை நீட்டியது. அவன் கால் கடைசியாகப் பட்ட இடம் ஆயரின் ஷூவுக்கு முன்னால் இருக்கும் புல்லுக்கு அடியில் போனது. அதனால்தான் அவள் அந்தத் தோட்டத்தைக் கேட்டு வாங்கினாள்.

தினமும் சாயங்காலம், செப நேரச் சங்கு ஊதுவதற்கு முன்னால், தோட்டத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துணியை விரிப்பாள். நான் வந்த பிறகு என் முன்னாலும் விரித்தாள். சுற்றிலும் புல்லில் எறும்புகள் ஊரின. துணியின் ஓரம் வரை வந்தன. மீசையை ஆட்டின. திரும்பிப் போயின. எனக்குக் காரணம் புரிந்தது. துணியை அவள் கல்யாணப் பெட்டியில் பாச்சான் உருண்டை போட்டு வைத்திருந்தாள். வாசனை என் மூக்கையே எரித்தது. ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், வெயிலில் போட்டு எடுக்கலாமே என்று.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உருண்டை வாசனைக்குப் பயந்து ஓட அவன் என்ன பூச்சியா? என் புள்ளைடி."

நான் மறுபடி களைக்கொத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆயர் இறந்த இருபத்தைந்தாம் ஆண்டு யூபிலி வந்தது. இப்போதைய ஆயர் வந்து தோட்டத்திலேயே திருப்பலி நிறைவேற்றுவதாக ஏற்பாடு. ஒத்திகைக்குப் பாடகர் குழு வெள்ளை உடையில் புல்லில் வந்து நின்றது. இரண்டாவது பாட்டுக்குள் மஞ்சள் எறும்பு கால் வழியே ஏறிவிட்டது. கடிக்காது, ஆனால் அமிலம் பீச்சும், கூட்டமாக ஏறினால் தோல் தீயாக எரியும். மேல்குரல் பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கடைசியில் பாடியவர்கள் யாருமில்லை, ஆடியவர்கள்தான் இருந்தார்கள். அன்றே கமிட்டி கூடியது. மருந்து அடிக்க வேண்டும். யார் அடிப்பது? தோட்டம் யாருடையதோ அவர்தான். பெத்தெலோ முதுகில் மாட்டும் பம்பையும் மருந்துப் புட்டியையும் கொண்டுவந்து பெரியம்மா முன்னால் வைத்தார். அண்ணி என்று மட்டும் சொன்னார். அவளை நேராகப் பார்க்கவில்லை.

பெரியம்மா மறுக்கவில்லை. மறுத்தால் தோட்டம் வேறு கைக்குப் போகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பம்பை மாட்டி, எல்லோரும் பார்க்க வரிசை வரிசையாக அடித்தாள். மறுநாளும் அடித்தாள். எவ்வளவு அக்கறை பார் என்று கமிட்டித் தலைவர் என்னிடமே மெச்சினார். அடுத்த ஒத்திகையில் பாடகர் குழு முன்னைவிட அதிகமாக ஆடியது. புல் மட்டும் இத்தனை நாளில் இல்லாத பச்சையாக இருந்தது.

பெத்தெலோ குனிந்து பம்பின் முனையை முகர்ந்து பார்த்தார். விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். வெறும் தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து அடிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவும் மறுநாளும் பெரியம்மா சாப்பிடவில்லை. சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்டுக் கொண்டுபோனேன். அப்படியே திருப்பித் தந்தாள். "நாளைக்கு அப்புறம் அங்க ஒண்ணும் இருக்காது. அவன் எதுல ஏறி வருவான்?" என்று கேட்டாள். என்னைக் கேட்டதாகவே தெரியவில்லை.

சனிக்கிழமை வெயில் சாய்ந்ததும் நான் தோட்டத்து வாசலில் தென்னோலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஆயரின் ஷூவுக்கு முன்னால் துணியை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பெத்தெலோ முதுகில் பம்போடு வந்தார். அவளைப் பார்த்தார். சாலைப் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார். இந்த முறை மருந்து. நெடி என் தொண்டையை அடைத்தது. ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று அவளை நெருங்கி வந்தார். அவள் அசையவில்லை. கடைசியில் முனையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"எந்திரிங்க அண்ணி."

"நீ அடி. என் மேலயும் சேத்து அடி."

"ஆயர் நாளைக்கு வர்றாரு. இங்க துணி விரிச்சிருந்தா என்ன நினைப்பாங்க? இந்தப் பழக்கத்தை ஒழிச்சவரோட காலடியில."

"ஒழிச்சவர் கல்லா நிக்கிறார். வேணாம்னா அவரே சொல்லட்டும்."

சங்கு ஊதியது. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் வெளியில் நிற்கக் கூடாது. எல்லா வீட்டிலும் செபம். காவல் ஆண்கள் கையில் கழியோடு சாலையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். உபதேசியார் தன் வீட்டில் செபத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் நின்றார்.

பெரியம்மாவின் குரல் இறங்கியது. பாட்டில் இறங்கும் அதே அடிக்குரல். "ஒரே ஒரு தடவை கூப்பிடு பெத்தெலோ. அப்புறம் பம்பை என்கிட்ட குடு. மிச்ச இடம் பூரா நானே அடிக்கிறேன். தண்ணி இல்ல, மருந்தே அடிக்கிறேன். ஒரு எறும்பு விடாம. சத்தியம்."

அவர் மூக்கில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டார். வாய் கோணிக்கொண்டு போயிருந்தது.

"நான் கூப்பிட்டும் வரலேன்னா, அண்ணி?" என்றார். "உங்க மேல கோவம்னா ஒரு எறும்பைத் தட்டிவிட்ட கோவம். மீன் கேட்டது நான். காத்து சரியில்லேன்னு அவன் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. விழாத மாதிரி நின்னேன்."

அவர் இத்தனை காலம் பயந்தது பங்குத்தந்தைக்கு அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவள் நகர்ந்து உட்கார்ந்து, துணிக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டாள். விட்ட இடத்தைக் கையால் தட்டிச் சுத்தம் செய்தாள். செய்துவிட்டுத் தன் கையையே வெறித்துப் பார்த்தாள்.

பெத்தெலோ பம்பைக் கழற்றாமலே முழந்தாளிட்டார். முதலில் சிலையை நிமிர்ந்து பார்த்தார். "ஆயரே, கொஞ்சம் காதைப் பொத்திக்குங்க," என்றார். பிறகு துணியைப் பார்த்துக் குனிந்தார்.

"ஃபலனிக்கோ. சித்தப்பா வந்திருக்கேன்டா. மீன் வேணாம். வெறுங்கையோட வா."

எதுவும் வரவில்லை. வீடுகளிலிருந்து செபமாலை முணுமுணுப்பு கேட்டது. காவல் ஆண்களில் ஒருவர் கழியை ஊன்றி எழுந்து எங்கள் பக்கம் வந்தார். துணியையும் உபதேசியாரையும் பார்த்தார், அப்படியே திரும்பிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பெத்தெலோ மறுபடி கூப்பிட்டார். குரல் உடைந்து பெயர் பாதியில் நின்றது. அவருடைய தலை தரையைத் தொட்டுவிட்டது. இனி இந்த இருவரையும் யார் இங்கிருந்து எழுப்பி வீட்டுக்கு அழைத்துப்போவது என்று தோரணத்தைப் போட்டுவிட்டு அவர்கள் அருகில் போய் உட்கார்ந்தேன்.

அப்போது சாலைப் பக்கப் புல்லிலிருந்து ஒரு மஞ்சள் எறும்பு ஓடி வந்தது. நேராக இல்லை, தடுமாறித் தடுமாறி, வட்டமடித்து. துணியின் ஓரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறியது. துணியில் வரைந்திருந்த பழுப்புக் கோடுகளைக் கடந்து நடுவுக்கு வந்தது.

பெரியம்மாவின் வலது கை எழுந்தது. தட்டுவதற்கு எழும் அதே வேகம். என் கையும் எழுந்ததை உணர்ந்தேன். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்து, மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எறும்பு நின்ற இடத்தில் நின்றது. துணியின் நான்கு ஓரத்தையும் பெத்தெலோதான் மடித்தார்.

அது வந்த திசையில் புல் மருந்தில் நனைந்து மினுங்கியது. அங்கிருந்து எதுவுமே ஓடித்தான் வரும், பாச்சான் உருண்டையானாலும் பரவாயில்லை என்று ஏறித்தான் நிற்கும். அது எனக்குத் தெரிந்தது. முதுகில் பம்போடு இருந்தவருக்கும் தெரியாமல் இருக்காது.

பெரியம்மா மூட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிறகு அதைப் பெத்தெலோவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் முதுகிலிருந்து பம்பைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கடல் பக்கம் தொடங்கி வரிசை வரிசையாக, செடியின் தூர், பவளக் கல்லின் இடுக்கு, ஒன்றையும் விடாமல் அடித்தாள். காலடியில் எறும்புகள் கூட்டம் கூட்டமாகச் சுருண்டன. ஒவ்வொரு வரிசை முடிவிலும் நின்று கீழே பார்த்தாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போனாள்.

நடுவில் ஒருமுறை திரும்பாமலே கேட்டாள். "அசையுதா?"

பெத்தெலோ மூட்டையைக் காதருகே கொண்டுபோனார். பட்டைத்துணியின் அத்தனை மடிப்புக்குள் ஓர் எறும்பு அசைவது யாருக்கும் கேட்காது.

"அசையுது அண்ணி," என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு ஆயரின் ஷூவைச் சுற்றி அடிக்கப் போனாள்.